மாத்திரைக்கு முறை கிடையாது

எங்க தொழில்ல ஒரு விசேஷம் உண்டு: நாங்க வேலையை நல்லா செஞ்சிருந்தா, எங்ககிட்ட வந்தவங்க தெருவுல எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க.

நான் எச்.ஐ.வி. ஆலோசகர். டெல்டாவுல ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில, எக்ஸ்ரே ரூமுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு சின்ன அறையில பதினேழு வருஷமா குப்பை கொட்டறேன். ஒப்பந்த வேலை. சேர்ந்த அன்னைக்கு என்ன பதவியோ, இன்னைக்கும் அதேதான். என்கூடப் படிச்சவங்கள்ல ஒருத்தி தலைமையாசிரியை, ஒருத்தி தாசில்தார். "உனக்கு எப்ப ப்ரமோஷன்?"னு அவங்க கேட்டா, "எனக்கு மேல சுத்தற காத்தாடிதான் இருக்கு"ன்னு சொல்லிச் சமாளிச்சுக்குவேன்.

என்னை மாதிரியே மூலை அறையில உக்காந்து, ஊர் ரகசியத்தை எல்லாம் வயித்துக்குள்ள போட்டுக்கிட்டு, வீட்டுக்குப் போயி "இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லை"ன்னு சொல்ற நர்ஸுகளே, லேப் டெக்னீஷியன்களே, சக ஆலோசகர்களே, நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். ஆனா சொல்லிக்கிற மாதிரி சில சந்தோஷமும் நமக்கு உண்டு. பேர், ஊர் எல்லாத்தையும் மாத்திட்டேன், அதனால யாரும் துப்பறிய வேண்டாம்.

வரப்புக்கு டெஸ்ட் உண்டா?

எங்க அறைக் கதவுல "நம்பிக்கை மையம்"னு எழுதியிருக்கும். எச்.ஐ.வி.ன்னு எழுதினா ஒருத்தரும் உள்ள கால் வைக்க மாட்டாங்கன்னு யோசிச்சு வெச்ச பேரு. நல்ல பேருதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருநாள் வேட்டி சட்டையோட ஒரு பெரியவர் வந்து, கதவை நல்லாச் சாத்திட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஒரு விஷயம் மேடம், நம்பி மோசம் போயிட்டேன்"ன்னார். நமக்குத்தான் பயிற்சியில எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காங்களே! தண்ணி கொடுத்தேன். இங்க பேசறது வெளிய போகாதுன்னேன். எத்தனை நாளா இந்தப் பிரச்சனைன்னு கேட்டேன். மூணு வருஷம்னார். வேற யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன். ஊருக்கே தெரியும்னார். எனக்குப் பாவமா போச்சு.

அடுத்த கேள்வியைக் கொஞ்சம் பக்குவமா கேட்டேன்: "பாதுகாப்பு ஏதாவது பயன்படுத்தினீங்களா?" அவர் பெருமூச்சு விட்டு, "முள்வேலி போட்டிருந்தேன் மேடம், ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிட்டான்"ன்னார். அப்புறம்தான் விஷயம் விளங்குச்சு. வரப்பைத் தொட மாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணின தம்பி, வரப்பைச் சீவித் தன் வயலோட சேர்த்துட்டானாம். நம்பிக்கை மோசடிக்கு இங்கதான் புகார் கொடுக்கணும்னு கதவைப் பார்த்து வந்திருக்கார். இது எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற இடம்னு நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோவிச்சுக்கலை. நான் கையில திணிச்ச நோட்டீஸை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, கதவுகிட்ட போய்த் திரும்பிக் கேட்டார்: "அப்ப வரப்புக்கு இங்க டெஸ்ட் கிடையாதுங்கிறீங்க?"

ரெண்டாவது வடை

எங்க வேலையில முதல் சட்டமே, வெளியில யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. நீங்க சிரிச்சா, "இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?"னு பக்கத்துல இருக்கிறவங்க கேப்பாங்க. அங்கேயே அவங்க குட்டு உடைஞ்சு போயிடும். அதனால நான் பஸ்ல ஏறினா ஜன்னலுக்கு வெளிய பார்ப்பேன், சந்தைக்குப் போனா கத்திரிக்காயை மட்டும் பார்ப்பேன். "ரொம்பக் கர்வம் பிடிச்சவ"ன்னு எனக்கு ஒரு பேரு உண்டு. என் மாமியாரே சொல்லியிருக்காங்க.

திருவையாத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில உக்காந்திருந்தேன். சமையல் கான்ட்ராக்டர் யாருன்னு பார்த்தா, ஒன்பது வருஷமா என்கிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போறவர். முதல் தடவை என் அறைக்கு அவரை ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. இன்னைக்கு என்னடான்னா, தோள்ல துண்டு, நெத்தியில சந்தனம், நாப்பது பேரை விரட்டி வேலை வாங்கறார். நான் இலையைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன். அவரும் என் முகத்தைப் பார்க்கலை. என் இலையைத் தாண்டிப் போனவர், பின்னால வந்த ஆளைக் கூப்பிட்டு எங்கேயோ பார்த்துக்கிட்டுச் சொன்னார்: "அந்த மூணாவது இலைக்கு இன்னொரு வடை வைப்பா. ஒண்ணும் கேக்காம உக்காந்திருக்காங்க, அவங்க கேக்க மாட்டாங்க."

புள்ளைக்கு வருமா?

இப்ப கலாவைப் பத்திச் சொல்லணும். இதைச் சொல்லத்தான் உக்காந்தேன், மத்ததெல்லாம் வாய்க்கு வந்தது.

கர்ப்பமா வர்ற எல்லாப் பொண்ணுங்களுக்கும் எச்.ஐ.வி. டெஸ்டும் சேர்த்துத்தான் எடுப்போம். கலாவுக்கு அப்ப மூணு மாசம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுத் தரிச்ச புள்ளை. ரிசல்ட் பாசிடிவ்னு வந்துச்சு. மறுநாள் அவ வீட்டுக்காரர் செல்வராசுவை வரவழைச்சோம், அவருக்கும் பாசிடிவ். மூணு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் வைக்கிறவர். அதுக்கு முன்னால சில வருஷம் மலேசியாவுல கட்டட வேலை பார்த்திருக்கார். நான் ஒண்ணுமே கேக்கலை, அவரே சொல்ல ஆரம்பிச்சு, பாதியில தேம்பித் தேம்பி அழுதுட்டார். கலா அழலை. தனக்கு என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும், எதுவும் கேக்கலை. மேஜையைப் பார்த்துக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டா: "புள்ளைக்கு வருமா மேடம்?"

நான் சேர்ந்த காலத்துல இந்தக் கேள்விக்குச் சொல்ல பதில் கம்மி. இப்ப இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய பெருமை. "வராம தடுக்க வழி இருக்கும்மா. ரெண்டு பேரும் இன்னையிலேருந்து மாத்திரை போடணும். உன் உடம்புல கிருமி குறையக் குறைய, புள்ளைக்குப் போற வாய்ப்பும் குறையும். பொறந்ததும் புள்ளைக்கும் மருந்து கொடுப்போம். எல்லாத்தையும் முறையா போட்டீங்கன்னா புள்ளைக்கு வராம பார்த்துக்கலாம்"னேன். இந்த "முறையா"ங்கிறது நான் வருஷக்கணக்கா சொல்ற வார்த்தை. "ஒழுங்கா"ன்னு சொன்னா அதட்டற மாதிரி இருக்கும், "முறையா"ன்னா மரியாதையா இருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. செல்வராசு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தார். ரெண்டு டப்பாவையும் வாங்கிக் கும்பிட்டுச் சொன்னார்: "முறையா போட்டுறோம் மேடம். முறையைப் பத்தி எங்களுக்குச் சொல்லணுமா?"

பன்னெண்டு, பன்னெண்டு

ஒரு டப்பாவுல முப்பது மாத்திரை. முப்பதாவது நாள் அவங்க வரணும். வரலை. ரெண்டு மூணு நாள் பார்த்தேன். போன் பண்ணினா கலா எடுத்து, "மாத்திரை இன்னும் தீரலையே மேடம்"னா. உடனே டப்பாவோட கிளம்பி வாங்கன்னு வரச்சொன்னேன். முப்பத்தாறாவது நாள் வந்தாங்க. டப்பாவைக் கவுத்து எண்ணினேன். கலா டப்பாவுல பன்னெண்டு. செல்வராசு டப்பாவுல பன்னெண்டு. ஒண்ணு கூட முன்னே பின்னே இல்லை. மறந்து போறவங்க கணக்கு இப்படி இருக்காது. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணினவங்களை நான் பார்த்ததே இல்லை.

வயல் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டூர்ல தண்ணி குறைவா இருக்கிற வருஷம், எல்லா ஆத்துலயும் ஒரே நேரத்துல விட மாட்டாங்க. ஆறு நாள் இந்த ஆத்துக்கு, ஆறு நாள் அந்த ஆத்துக்குன்னு மாத்தி மாத்தி விடுவாங்க. அதுக்குப் பேருதான் முறை. "முறை எப்ப?", "நம்ம முறை முடிஞ்சுபோச்சு"ன்னு டீக்கடையில இதே பேச்சா இருக்கும். செல்வராசு அதையேதான் செஞ்சிருக்கார். ஆறு நாள் கலாவுக்கு மாத்திரை, அவருக்கு அடைப்பு. அடுத்த ஆறு நாள் அவருக்கு, கலாவுக்கு அடைப்பு. "நீங்கதானே மேடம் முறையா போடச் சொன்னீங்க? தண்ணியை நிறுத்தாம கட்டினா பயிர் அழுகிரும்ல, உடம்பும் நடுவுல கொஞ்சம் காயணும்ல? அதோட ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மருந்துச் சூடு வந்தா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?"ன்னு நிதானமா விளக்கம் சொல்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் போட்ட சத்தத்துல எக்ஸ்ரே ரூம்லேருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தாங்க. "மருந்தை விட்டுவிட்டுப் போட்டா கிருமி பழகிக்கும், அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது. உங்களை யாரு காயப் போடச் சொன்னது?"ன்னு கத்திட்டேன். கலா முகம் வெளிறிப் போச்சு. "அப்ப புள்ளைக்கு வந்துருச்சா மேடம்?"னா. அந்த ஒரு கேள்வியில என் கோபம் எல்லாம் இறங்கிடுச்சு. யாரைத் திட்டறேன் நான்? வார்த்தை என்னோடது. டெல்டாவுல பொறந்து, டெல்டாச் சோறு தின்னுட்டு, விவசாயிகிட்ட "முறை"ன்னு சொன்னா அவர் என்ன நினைப்பார்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள் நான் யோசிச்சேனா? வெக்கமா இருந்துச்சு. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன்.

அப்புறம் மறுபடி முதல்லேருந்து சொல்லணுமே, எப்படிச் சொல்றது? கிருமி, எதிர்ப்பு சக்தின்னு ஆரம்பிச்சா செல்வராசு தலையை ஆட்டிட்டுப் போயி திரும்பவும் தன் யோசனைப்படி ஏதாவது செய்வார். அவர் பார்வை கலா வயித்து மேலயே இருந்துச்சு. சட்டுனு கேட்டேன், "செல்வராசு, விதை விட்ட நாத்தங்காலுக்கு முறை வைப்பீங்களா?" நாத்தங்கால்ங்கிறது நாத்து வளர்க்கிற பாத்தி. மனுஷன் முகமே மாறிப் போச்சு. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரை எடுத்து, கலா கையில வெச்சுட்டுச் சொன்னார்: "நாத்தங்காலுக்கு எவன் மேடம் முறை வைப்பான்? குடத்துல மொண்டாவது ஊத்திருவோம்ல."

சீரியலுக்கு லீவு

அன்னையிலேருந்து என் அறையில "முறை"ங்கிற வார்த்தைக்குத் தடை. பதிலா, "தினமும் ஒரே நேரம். நீங்க எதை மறக்க மாட்டீங்களோ அதோட சேர்த்துக்குங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். நல்ல யோசனைதானே? அதிராம்பட்டினம் பக்கத்துலேருந்து மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க வருவாங்க. "ஏழரை மணி சீரியலை மட்டும் மறக்கவே மாட்டேன், புயலடிச்சாலும் பார்த்துருவேன்"னாங்க. சரி, சீரியல்ல பாட்டு ஆரம்பிச்சதும் மாத்திரையை வாயில போடுங்கன்னு அனுப்பி வெச்சேன்.

அடுத்த மாசம் டப்பாவுல நாலு மிச்சம். எனக்குப் பழைய பயம் வந்துருச்சு. என்னம்மா இதுன்னு கேட்டா, எந்தத் தப்பும் செய்யாத முகத்தோட உக்காந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சீரியல் கிடையாது, அதனால ஞாயித்துக்கிழமை மாத்திரையும் கிடையாது! நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். அந்தம்மா மீன் கூடைச் சும்மாட்டை மடியில வெச்சு நீவிக்கிட்டே என்னைச் சமாதானப்படுத்தினாங்க: "மாமியார்கிட்ட அவ்வளவு கொடுமை அனுபவிக்கிறவளே வாரத்துல ஒரு நாள் லீவு எடுத்துக்கறா, நான் எடுக்கக் கூடாதாம்மா?"

சிவப்பு மை

கலா மாத்திரை போட்டா. ஒரு நாள் தப்பாம போட்டா. செல்வராசு வயல்ல இருந்தாலும் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துருவார், அவ முழுங்கறதைப் பார்த்துட்டுத் தானும் முழுங்குவார். எட்டாவது மாசம் ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பார்க்க அனுப்பினோம். கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிருக்குன்னு பதில் வந்துச்சு. அந்தப் பேப்பரை நான் நாலு தடவை படிச்சேன். ஆனாலும் ஆரம்பத்துல காஞ்ச அந்த நாட்கள் என் மனசுல முள்ளா குத்திக்கிட்டே இருந்துச்சு. கலாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கிளம்பறப்ப அதே கேள்வியைக் கேட்டுட்டுத்தான் போவா.

வலி வந்து பிரசவ வார்டுல சேர்ந்த அன்னைக்கு நானும் போய் வெளியில நின்னேன். புதுசா வந்த ஒரு பயிற்சி நர்ஸ், கலாவோட கேஸ் ஷீட்டு மேல சிவப்பு மையில எச்.ஐ.வி.ன்னு பெருசா எழுதி வெச்சிருந்துச்சு. எட்டி நின்னே பேசுது, கிட்டப் போகலை. கலா வலியிலயும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துட்டா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டா. அப்ப வந்தாங்க எங்க ஸ்டெல்லா சிஸ்டர். வார்டே நடுங்கற குரல். வந்ததும் அந்த ஷீட்டைக் கிழிச்சு வேற ஷீட்டு வெச்சாங்க. பயிற்சி நர்ஸைப் பக்கத்துல இழுத்து நிறுத்தினாங்க. கலா கையைப் பிடிச்சுக்கிட்டு, தெருவரைக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க: "எல்லாருக்கும் போடற கிளவுஸ்தான் இவளுக்கும். எல்லாருக்கும் போடற சத்தம்தான் இவளுக்கும். என்னடி பார்க்கிற, முக்கு!"

பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு.

கடல் தாண்டி வந்த சந்தேகம்

புள்ளை பொறந்து சில மாசத்துல, ஆசியாவுல பல நாட்டுலேருந்து சுகாதாரத் துறை ஆளுங்க ஒரு குழுவா எங்க ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தாங்க. தாய்லாந்து, கம்போடியா, நேபாளம். எங்க அறைக்கு அவசர அவசரமா வெள்ளையடிச்சாங்க, பெரிய டாக்டர் ரூம் நாற்காலி எல்லாம் எனக்கு வந்துச்சு. அவங்க பேசப் பேச நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டேன். தாய்லாந்துல பாலியல் தொழில் நடக்கிற இடங்கள்ல ஆணுறையைக் கட்டாயமாக்கிப் பரவறதை அடக்கினாங்களாம், கம்போடியாவும் அதே வழியில போயிருக்கு. நேபாளத்துல வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பறவங்களைத் தேடித் தேடிப் போறாங்களாம். எனக்கு செல்வராசு ஞாபகம் வந்துச்சு. கடல் தாண்டிப் போறவங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க, வீட்டுல காத்திருக்கிறவங்களும் இருக்காங்க.

என் முறை வந்ததும் (பாருங்க, இந்த வார்த்தை என்னை விடமாட்டேங்குது) ஆணுறை மாட்டிக் காட்டறதுக்கு நான் வெச்சிருக்கிற மாதிரியை எடுத்து மேஜையில வெச்சேன். உள்ளூர் ஆசாரி பலாக்கட்டையில இழைச்சு, பாலிஷ் போட்டுப் பளபளன்னு கொடுத்தது. எதுக்குன்னு சொல்லாமத்தான் செய்யச் சொன்னேன், அவரும் கேக்கலை, சிரிக்கவும் இல்லை. கம்போடியாக்காரர் அதை ஒரு சிற்பம் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பேர் சொல்லாம அந்த மாத்திரைக் கதையைச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த பையன் "முறை"யில மாட்டிக்கிட்டான். வியர்த்து விறுவிறுத்து, கையால வாய்க்கால் எல்லாம் வெட்டிக் காட்டறான். அவன் முடிக்கிறதுக்குள்ள தாய்லாந்துலேருந்து வந்த ஒரு நர்ஸம்மா, என் வயசுதான் இருக்கும், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. அவங்க ஊரும் நெல் விளையற ஊராம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவங்க சொன்னதைப் பையன் தமிழ்ல சொன்னான்: "எங்க வாய்க்கால்லயும் இதே மாதிரி தண்ணி மாத்தி விடுவோம், ஊருக்குப் போனதும் முதல் வேலையா எங்க ஆளுங்க டப்பாவை எல்லாம் எண்ணிப் பார்க்கணும்."

பாஸ்கர் வெளியே வந்தார்

பொறந்த புள்ளைக்கு வாரக்கணக்குல மருந்து கொடுத்தோம். அதை ஊத்தற வேலை செல்வராசுவோடது. ஒரு சொட்டு சிந்தினா கலாவைத் திட்டுவார், தான் சிந்தினா டம்ளரைத் திட்டுவார். ஆறாவது வாரம் எடுத்த முதல் டெஸ்ட் நல்லபடியா வந்துச்சு. ஆனா பதினெட்டு மாசம் முடிஞ்சு எடுக்கிற டெஸ்ட்தான் கடைசித் தீர்ப்பு. அதுவரைக்கும் நானும் வாயைத் திறந்து "வராது"ன்னு சொல்ல முடியாது, கலாவும் கேக்கறதை நிறுத்த மாட்டா. அந்தப் பதினெட்டு மாசமும் எங்க ஆஸ்பத்திரிக்குள்ள தவிர வேற எங்கே பார்த்தாலும் அவ என்னைத் தெரியாத மாதிரிதான் போவா. ஒரு தடவை என்னைப் பார்த்ததும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா. எனக்கு அது சரின்னு தெரியும். ஆனா உண்மையைச் சொல்லட்டுமா? புள்ளை முகத்தைப் பார்க்க முடியலையேன்னு வருத்தமா இருந்துச்சு.

அந்த நாளும் வந்துச்சு. எங்க லேப் டெக்னீஷியன் பாஸ்கர் ஒரு நாளைக்கு மொத்தமே பத்து வார்த்தை பேசற மனுஷன். ரிசல்ட்டை ஜன்னல் வழியா நீட்டுவார், அவர் முகத்தை வெச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அன்னைக்கு மூணு பேரும் என் அறையில உக்காந்திருக்கோம். புள்ளை என் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு மேஜைக்கடியில விளையாடுது. கலா கையை நான் பிடிச்சிருந்தேன், இல்லை, அவ என் கையைப் பிடிச்சிருந்தா. கதவு திறந்துச்சு. இத்தனை வருஷத்துல லேபை விட்டு ரிசல்ட்டோட வெளிய வராத பாஸ்கர், பேப்பரைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னார். "மேடம், நெகட்டிவ்"ன்னார். உடனே திரும்பிட்டார், கண்ணு கலங்கினதை நான் பார்த்துடக் கூடாதாம்.

ஆலோசகர் அழக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க. நான் அழுதேன். கலாவும் அன்னைக்குத்தான் முதல் தடவையா என் முன்னால அழுதா. இந்த வேலைக்கு வந்ததுக்கு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கிட்டேன், அதுல எனக்குக் கூச்சமே இல்லை. செல்வராசு மட்டும் அழலை. குனிஞ்சு மேஜைக்கடியிலேருந்து புள்ளையை அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நம்ம நாத்து தேறிருச்சு மேடம்."

என்ன முறை?

போன மாசம் திருவையாறு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தேன். எதிர்ப்பக்கம் கலா. கையைப் பிடிச்சுக்கிட்டுப் புள்ளை, பக்கத்துல செல்வராசுவோட அக்கா. அவங்களைப் பத்திக் கலா சொல்லியிருக்கா, நல்ல மனுஷிதான், ஆனா அவங்களுக்கு விஷயம் தெரியாது. நான் வழக்கப்படி பஸ் வர்ற திசையில பார்வையைத் திருப்பிக்கிட்டேன். கர்வம் பிடிச்சவள்ல நான்! கொஞ்ச நேரத்துல என் புடவையை யாரோ கீழேருந்து இழுக்கிற மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தா, புள்ளை. பின்னாலேயே கலா வந்து, "தூக்குங்க மேடம்"னா.  தூக்கினேன். நல்ல கனம். என் கண்ணாடியைப் பிடுங்கறதுலயே குறியா இருந்துச்சு.

அக்காவும் வந்துட்டாங்க. என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, எங்க ஊர்ல யாரா இருந்தாலும் முதல்ல கேக்கிற கேள்வியைக் கேட்டாங்க: "யாரு கலா இவங்க? நமக்கு என்ன முறை வேணும்?"  அத்தைன்னு பொய் சொல்றதா, சித்தின்னு சொல்றதான்னு நான் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். கலா கொஞ்சமும் அசரலை. "முறையெல்லாம் கிடையாது அண்ணி. எங்க நாத்தங்கால் காயாம பார்த்துக்கிட்டவங்க"ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சா. அவ பல்லு தெரிய சிரிச்சு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணி முகம் அப்படியே மலர்ந்துருச்சு. கையில இருந்த பையைக் கீழே வெச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னு ஆரம்பிச்சாங்க: "அக்ரி ஆபீஸரம்மாவா நீங்க! நல்ல நேரத்துல பார்த்தேன். எங்க வயல்ல புகையான் பூச்சி விழுந்து திட்டுத் திட்டா கருகிக் கிடக்கு, என்ன மருந்து அடிக்கலாம், சொல்லுங்க மேடம்!"

பதினேழு வருஷமா ஒரு பதவி உயர்வும் கிடைக்காத எனக்கு அன்னைக்குத் திருவையாறு பஸ் ஸ்டாண்டுல வேளாண்மை அதிகாரி பதவி கிடைச்சுது, நானும் மறுக்காம வாங்கிக்கிட்டேன்.